மூன்று கொட்டேஷன்: 30, 35, 42 கிலோவாட். எந்த காம்பி பாய்லர் எடுப்பது?

ஹாரோவாசி

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. மூன்று படுக்கையறை, லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில், ஓர் அறையும் ஷவரும் புதிதாகக் கட்டியிருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அப்பா, அம்மா. இருப்பது பழைய முறை: அடுப்படியில் பாய்லர், மாடி அலுமாரியில் செம்புச் சிலிண்டர், கூரைச் சரிவுக்குள் இரண்டு தொட்டி. பாய்லருக்கு உதிரிப்பாகமே கிடைக்கவில்லை என்று போன சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். லாஃப்ட் ஷவரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. தொட்டியும் ஷவரும் ஒரே உயரத்தில் இருந்தால் வேறெப்படி வரும்?

தொட்டியும் சிலிண்டரும் இல்லாமல், ரேடியேட்டரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே பெட்டியே சூடாக்கும் காம்பிக்கு மாறலாம் என்று மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் 30 கிலோவாட், 2,400 பவுண். இன்னொருவர் 35, 2,900 பவுண். மூன்றாமவர் 42, 3,600 பவுண். "பெரிய குடும்பம், பெரியதாகப் போட்டுவிட்டால் கவலை இல்லை" என்கிறார். மூவருமே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், ரேடியேட்டரை எண்ணினார்கள், போய்விட்டார்கள். எதை எடுப்பது?

வெம்பிளி மாமா

தம்பி, கனக்க யோசிக்க வேண்டாம். வூஸ்டர் அல்லது வைலன்ட் கம்பெனிப் பாய்லர் எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு 42 போடுங்கள். ஆறு பேர், இரண்டு குளியலறை. காலையில் பள்ளி, வேலை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போவார்கள். சின்னதாகப் போட்டுவிட்டு பிறகு மாற்ற முடியாது.

குழாய்க்காரன்

நான் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பட்டியல்) பதிவுள்ள எஞ்சினியர், கிழக்கு லண்டனில் வேலை. மாமா கோபிக்க வேண்டாம், ஆனால் இந்த வீட்டுக்கு 42 வேண்டுமா என்பதைப் பாய்லர் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுப்படிக் குளிர்தண்ணீர்க் குழாயில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்க்க வேண்டும். மூவரில் ஒருவர்கூட அதை அளக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் 30, 35, 42 பெரும்பாலும் சுடுதண்ணீருக்கான எண். ரேடியேட்டர் பக்கத்துக் கணக்கு வேறு, அதை அப்புறம் பார்ப்போம். காம்பியில் தண்ணீர் சேமிப்பே கிடையாது. குழாயைத் திறந்ததும் தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் பாய்லருக்குள் இருக்கும் ஒரு சின்ன வெப்பமாற்றி வழியாக ஓடும்போதே சூடாக வேண்டும். குளிர்காலத்தில் அது 5 டிகிரியில்கூட வரும். குளிக்க 40 டிகிரி வேண்டும். அதாவது 35 டிகிரி ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டரை 35 டிகிரி ஏற்றக் கிட்டத்தட்ட 2.4 கிலோவாட் ஆகும். வகுத்துப் பாருங்கள்: 24 கிலோவாட் பாய்லர் பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தரும், 30 தருவது சுமார் 12, 35 தருவது சுமார் 14, 42 தருவது 17 லிட்டர்.

தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வருவதே 11 லிட்டர் என்றால், 42 கிலோவாட்டுக்கான காசு வீண். பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும், உண்டாக்காது.

ஒரு வாளியும் கைபேசியும் போதும். வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறந்திருக்கக் கூடாது. அடுப்படிக் குளிர்தண்ணீரை முழுக்கத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு தோட்டக் குழாயையும் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி பிடியுங்கள். குளியலறைக் குழாயில் பார்க்காதீர்கள், அது உங்கள் கூரைத் தொட்டியிலிருந்து வரக்கூடும்.

வெம்பிளி மாமா

எங்கள் பகுதியில் பிரஷர் நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார், 3 பார் காட்டியது.

குழாய்க்காரன்

அது குழாய் மூடியிருக்கும்போது எடுத்த அளவு, மாமா. எல்லாக் குழாயும் மூடியிருந்தால் நூல் தடிப்புள்ள குழாய்கூட 3 பார் காட்டும். திறந்த பிறகு எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் வேண்டும். பழைய வீடுகளில் தெருவிலிருந்து வருவது இன்னும் ஈயக் குழாய்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய சில டெரஸ் வரிசைகளில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே குழாய். அங்கெல்லாம் இரவில் பிரஷர் பிரமாதமாக இருக்கும், காலை ஏழரைக்குப் பார்த்தால் தெரியும் கதை.

ஹாரோவாசி

நன்றி அண்ணா. இன்று காலை பார்த்தேன். அடுப்படிக் குழாய் தனியாக: 11 லிட்டர். தோட்டக் குழாயையும் திறந்தால் அடுப்படியில் 6. அப்போ 30 போதுமா? இரண்டு ஷவர் ஒன்றாக ஓடவே ஓடாதா?

ஈஸ்ட்ஹாம் அக்கா

குழாய்க்காரன் தம்பி சொன்ன கணக்கெல்லாம் சரி. காம்பியோடு வருடக்கணக்காக இருக்கிறவள் என்கிற முறையில் அடுப்படிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், இதையெல்லாம் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மாமியார் சிக்கனம். கோப்பை கழுவும்போது குழாயை நூல் மாதிரித்தான் திறப்பார். அப்படித் திறந்தால் காம்பி பற்றவே பற்றாது. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை லிட்டராவது ஓடினால்தான் தண்ணீர் ஓடுகிறது என்று அதற்குத் தெரியும். "இந்தப் பாய்லர் வேலை செய்யவில்லை" என்று மனுஷி ஒரு மாதம் சண்டை. பாதிக்கு மேல் திறந்தபோது சுடுதண்ணீர் வந்தது.

அடுத்தது, திறந்தவுடன் சூடு வராது. பாய்லர் அடுப்படியில், ஷவர் லாஃப்டில் என்றால் நடுவில் குழாயில் கிடக்கும் குளிர்தண்ணீர் முழுக்க வெளியே போக வேண்டும், பாய்லரும் சூடேற வேண்டும். கை கழுவிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தால் மறுபடி அதே கதை. சூடாகவே வைத்திருக்கும் ஒரு செட்டிங் பாய்லரில் உண்டு, ஆனால் அது நாள் முழுக்க அவ்வப்போது கேஸைத் தின்னும். நாங்கள் அதை நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகுகிறவர்கள் வாளியில் பிடித்துக் குளித்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒரு வாளி ஒன்றரை இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். சிலிண்டர் வீட்டில் நாலாவதாகக் குளிக்கப் போகிறவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். காம்பியில் அந்தத் தொல்லை இல்லை, ஆறாவது ஆளுக்கும் சுடும்.

சிலிண்டர் போனால் அந்த அலுமாரியின் வெதுவெதுப்பும் போகும். துவாய் காயப் போட இடம் தேட வேண்டி வரும்.

லெஸ்டர் ரவி

ரேடியேட்டர் பக்கம் பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் இந்த நாட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பெரியதாக வாங்குகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு சூடு தேவை என்பது கேஸ் மீட்டரிலேயே இருக்கிறது. வெளியே சைபர் டிகிரி இருக்கும் ஒரு நாளில் காலை மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். கன மீட்டர் கணக்கை 11ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட கிலோவாட் மணி. 13 கன மீட்டர் ஓடியிருந்தால் 143. அதை 24ஆல் வகுத்தால் சராசரி 6 கிலோவாட். அதிலும் பழைய பாய்லர் ஒரு பங்கைப் புகையோடு வெளியே விடுகிறது, சமையலும் குளியலும் அதற்குள்ளேயே அடங்கும். வீடு ஆறிக் கிடந்து காலையில் சூடேற்ற வேண்டும் என்று இரட்டிப்பாக வைத்தாலும் 12தான்.

சுடுதண்ணீருக்கு 30 தேவை, ரேடியேட்டருக்கு 10 போதும். காம்பியின் தொல்லையே இந்த இடைவெளிதான். அதனால் வாங்கும்போது "அதிகபட்சம் எவ்வளவு" என்பதோடு "குறைந்தபட்சம் எவ்வளவுக்கு இறங்கும்" என்றும் கேளுங்கள். மூன்று கிலோவாட்டுக்கு இறங்கக்கூடிய பாய்லர் மெதுவாக, நிற்காமல் ஓடும். ஏழுக்குக் கீழே இறங்காத பாய்லர், அக்டோபரிலும் ஏப்ரலிலும் பற்றும், அணையும், பற்றும், அணையும். கேஸும் வீண், பாகமும் தேயும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலிலேயே இந்த எண் வேறுபடும். விளம்பரத் தாளில் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும்.

கோவைக்காரி

ரெடிங்கிலிருந்து எழுதுகிறேன். யாரும் கேட்காத கேள்வி ஒன்று: சிலிண்டரை ஏன் தூக்க வேண்டும்? ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு சிஸ்டம் பாய்லரும் (சிலிண்டரோடு சேர்ந்து ஓடும் வகை) கூரைத் தொட்டி இல்லாமல் தெருப் பிரஷரிலேயே ஓடும் பிரஷர் சிலிண்டரும் போட்டால் இரண்டு ஷவரும் தாராளமாக ஓடும். பாய்லர் நின்றாலும் சிலிண்டரில் இருக்கும் மின்சார ஹீட்டரைப் போட்டுச் சுடுதண்ணீர் எடுக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, நாளைக்கு ஹீட் பம்ப்புக்கு (வெளிக்காற்றின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்சாரக் கருவி) போவதென்றால் சிலிண்டர் வைக்க இடம் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது அதற்கு அரசாங்கம் 7,500 பவுண்டு மானியம் தருகிறது, அதோடு 2027 மார்ச் வரை வாட் வரியும் இல்லை. கேஸ் பாய்லருக்கு 20 சதவீதம் வாட் வரி கட்டத்தான் வேண்டும். அந்த அலுமாரியை இடித்துவிட்டுப் பிறகு திரும்பக் கட்டாதீர்கள்.

வெம்பிளி மாமா

ஹீட் பம்ப் இந்தப் பழைய வீடுகளுக்குச் சரிவராது. நான் கேள்விப்பட்டதெல்லாம் கரண்ட் பில் கதைதான்.

கோவைக்காரி

மாமா, எங்கள் வீடும் 1930கள்தான். ரேடியேட்டர் சிலவற்றைப் பெரிதாக மாற்றினோம், கூரைக்குப் பஞ்சு போட்டோம், வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது. சரி, அதற்குத் தனி இழை போடலாம். இங்கே பாய்லரைப் பார்ப்போம்.

குழாய்க்காரன்

கோவைக்காரி சொல்வது நியாயம், ஒரு விஷயத்தைத் தவிர. பிரஷர் சிலிண்டரும் தெருத் தண்ணீரை நம்பித்தான் ஓடுகிறது. சூடு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்து வைக்கலாம், ஆனால் வெளியே தள்ளுவது தெருப் பிரஷர்தான். நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வரும் வீட்டில் அது அற்புதம். 11 வரும் வீட்டில் இரண்டு ஷவர் போட்டால் குளிரும் சூடும் சேர்ந்தே அந்த 11ஐத்தான் பங்கு போட வேண்டும். அதைப் பொருத்தவும் தனித் தகுதி வேண்டும், வருடா வருடம் சரிபார்க்க வேண்டும்.

அதனால் ஹாரோவாசி, பாய்லரை விட்டுவிட்டு முதலில் தண்ணீரைப் பாருங்கள். அடுப்படி சிங்க்குக்குக் கீழே இருக்கும் ஸ்டாப் காக் (வீட்டுத் தண்ணீரை மொத்தமாக மூடும் திருகு) முழுக்கத் திறந்திருக்கிறதா? பழைய பித்தளைக் காக் பலதும் யாரோ எப்போதோ பாதி மூடி, அப்படியே இறுகிக் கிடக்கும். பலம் கொடுத்துத் திருகாதீர்கள், உடைந்தால் அடுப்படி குளமாகும். நடைபாதையில் இருக்கும் காக் தண்ணீர்க் கம்பெனியுடையது, அது பாதி மூடியிருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள்.

ஹாரோவாசி

பிளம்பர் வந்து பார்த்தார். சிங்க்குக்குக் கீழே இருந்த காக்கின் உள்ளே வால்வு தேய்ந்து பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக, கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் திறக்கும் வகையாகப் பார்த்துப் போட்டார். இப்போது அடுப்படியில் 15 லிட்டர். தோட்டக் குழாயோடு சேர்த்துத் திறந்தால் ஒன்பதுக்குச் சற்று மேல். தெருவிலிருந்து வருவது நீலப் பிளாஸ்டிக் குழாய், பக்கத்து வீட்டோடு பங்கு இல்லை.

அப்போ 35? அப்பாவுக்கு மூட்டுவலி, குளிர்தண்ணீரில் குளிக்க விட முடியாது. பாய்லர் ஒரு நாள் நின்றால் என்ன செய்வது என்பதுதான் அம்மாவின் கேள்வி.

குழாய்க்காரன்

15 வந்தால் 35 சரியான பொருத்தம். 14 லிட்டரில் ஷவர் தலை ஒவ்வொன்றும் ஏழு லிட்டர் வகையாக இருந்தால் இரண்டும் ஓடும், ஜனவரியில் கொஞ்சம் இளைத்து ஓடும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் அடுப்படியில் சுடுதண்ணீரைத் திறந்தால் ஷவர்க்காரர் கத்துவார், அதற்கு மருந்து இல்லை. தெர்மோஸ்டாட் உள்ள ஷவர் வால்வு போட்டால் சூடு தாறுமாறாக ஏறி இறங்காது, அளவு மட்டும் குறையும். சுடுதண்ணீர் ஓடும்வரை ரேடியேட்டருக்குச் சூடு போகாது, அதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். ஆறு பேர் வரிசையாகக் குளித்தால் ஒரு மணி நேரம் ரேடியேட்டர் ஆறத்தான் செய்யும். பழைய ஷவர் பம்ப் இருந்தால் அது போக வேண்டும், காம்பியோடு பம்ப் சேராது.

அம்மாவின் கேள்விக்கு: லாஃப்டில் இல்லாவிட்டாலும் கீழ்க் குளியலறையில் ஒரு மின்சார ஷவர் போடுங்கள். 9.5 கிலோவாட் ஷவர் குளிர்காலத்தில் நிமிடத்துக்கு நாலு லிட்டர்தான் தரும், சொகுசு இல்லை. ஆனால் பாய்லர் பழுதான அன்று அப்பா குளிக்கலாம். அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும், மின்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கொட்டேஷன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டியவை. கேஸ் குழாய் என்ன தடிப்பு? உங்கள் பழைய பாய்லருக்கு 15 மில்லிமீட்டர் போதுமாக இருந்திருக்கும், 35 கிலோவாட்டுக்கு மீட்டரிலிருந்து 22 மில்லிமீட்டர் இழுக்க வேண்டி வரலாம். "இருப்பதே போதும்" என்று கணக்குப் போடாமல் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். மீட்டரிலிருந்து பாய்லர் வரைக்கும் 1 மில்லிபாருக்கு மேல் பிரஷர் இறங்கக் கூடாது. 2,400க்கும் 2,900க்கும் உள்ள வித்தியாசமே இந்தக் குழாயாக இருக்கலாம், விலையை மட்டும் பார்க்காதீர்கள்.

பழைய ரேடியேட்டருக்குள் கறுப்புச் சேறு இருக்கும். கழுவாமல் புதுப் பாய்லரைப் பொருத்தினால் அந்தச் சேறு நேராக வெப்பமாற்றிக்குள் போய் உட்காரும். கழுவுவது, துரு பிடிக்காத மருந்து ஊற்றுவது, காந்த ஃபில்டர் வைப்பது மூன்றும் விலைக்குள் இருக்க வேண்டும். இதுவரை தொட்டித் தண்ணீரின் லேசான அழுத்தத்தில் இருந்த ரேடியேட்டர்கள் இனி 1, 1.5 பாரில் இருக்கும். நைந்த மூட்டு ஏதாவது இருந்தால் முதல் வாரத்தில் ஒழுகும். அதற்கு யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலில் படிவதேதான் பாய்லருக்குள்ளும் படியும். உள்ளே வரும் குளிர்தண்ணீர்க் குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் கருவி கேளுங்கள்.

லெஸ்டர் ரவி

கழிவுத் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே வைக்கும் பாய்லர் எல்லாம் புகையிலிருக்கும் நீராவியைக் குளிர்வித்துச் சூட்டைத் திரும்பப் பிடிக்கும் வகை. அந்தத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே மெல்லியதாக ஓடினால் உறைந்துவிடும், பாய்லர் குறுகுறு என்று சத்தம் போட்டு நின்றுவிடும். 2018 பனியில் தெருத் தெருவாக இதே கதை. முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே சிங்க் குழாயில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தடித்த குழாயாக, உறை போட்டதாக இருக்கட்டும். உறைந்துபோனால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

ஆள் வாசலுக்கு வந்ததும் கேஸ் சேஃப் அட்டையை வாங்கிப் பின்பக்கம் பாருங்கள். அவருக்கு எந்தெந்த வேலை செய்ய அனுமதி என்று அங்கேதான் இருக்கும். அடுப்பு மட்டும் பொருத்தத் தெரிந்தவர் பாய்லர் பொருத்தக் கூடாது. முன்பு கார்கி என்று இருந்தது, 2009 ஏப்ரலிலிருந்து கேஸ் சேஃப்தான். இன்னும் "நான் கார்கி ஆள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம். வேலை முடிந்ததும் கட்டடச் சான்றிதழ் தபாலில் வரும், பத்திரமாக வையுங்கள். வீடு விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் அண்ணனின் வீடு விற்பனை அந்த ஒரு தாளுக்காக இழுத்தடித்தது.

க்ராய்டன் புதியவன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். லீஸ்ஹோல்ட் ஃபிளாட், இரண்டாம் மாடி. ஒரு படுக்கையறை, இருவர். காம்பி மாற்ற வேண்டும். 24 போதுமா?

குழாய்க்காரன்

ஒரு ஷவர், இருவர் என்றால் 24 தாராளம். உங்களுக்குத் தலைவலி கிலோவாட்டில் இல்லை, புகைக் குழாயில். பழைய துவாரத்திலேயே வராமல் சுவரில் புது இடத்தில் வைக்க வேண்டுமென்றால் கட்டடத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகைக் குழாய் உட்கூரைக்குள் மறைந்து ஓடினால் திறந்து பார்க்க மூடிகள் வேண்டும், இல்லையென்றால் யாரும் தொட மாட்டார்கள். வாடகைக்கு விடுவதாக இருந்தால் வருடா வருடம் கேஸ் பாதுகாப்புச் சான்றிதழும் உண்டு.

ஹாரோவாசி

35 கிலோவாட், 3 வரைக்கும் இறங்கும் மாடல், 22 மில்லிமீட்டர் கேஸ் குழாயோடு பொருத்தியாயிற்று. இரண்டாமவர்தான் செய்தார், குழாய்க்கு 300 பவுண் கூட்டினார். கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்துவிட்டுப் போனார். லாஃப்ட் ஷவர் இப்போது ஷவர் மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் வெளியே வர மாட்டேன் என்கிறார்கள், அது வேறு பிரச்சினை.

பாய்லரில் ரேடியேட்டர் குறி போட்ட எண் 75 என்று இருக்கிறது. அதைத் தொடலாமா?

லெஸ்டர் ரவி

தொடலாம், தொட வேண்டும். ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவியின் சூட்டைப் பாய்லர் நன்றாகத் திரும்பப் பிடிக்கும். 75இல் அனுப்பினால் அது பெரும்பாலும் நடக்காது, விளம்பரத்தில் போட்ட 92 சதவீதமும் கிடைக்காது. 60க்கு இறக்குங்கள், வீடு சூடாகிறதா என்று பாருங்கள், பிறகு 55. சிலிண்டர் இருந்த காலத்தில் சேர்த்து வைத்த தண்ணீரில் கிருமி வராமல் இருக்க 60 கட்டாயம், இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. சுடுதண்ணீர்க் குறி தனி, அது 48, 50இல் இருக்கட்டும். பொருத்தியவரிடம் கேட்டு ரேடியேட்டர் பக்கத்து உச்ச அளவையும் 12 கிலோவாட்டுக்கு இறக்கச் சொல்லுங்கள், உள்ளே செட்டிங்கில் ஐந்து நிமிட வேலை.

2018 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் காம்பியோடு கேஸைச் சேமிக்கும் கூடுதல் வசதி ஒன்றாவது சேர்த்தே தர வேண்டும். உங்களுடையது வெளிக் குளிருக்கு ஏற்பத் தானாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகையா, சும்மா ஆன் ஆஃப் தெர்மோஸ்டாட்டா?

ஹாரோவாசி

வெளியே வடக்குச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறார், அதுதான் போல. 55க்கு இறக்கிவிட்டேன். ஹால் 20 டிகிரி காட்டுகிறது. ஆனால் அம்மா ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்துவிட்டு "இது சுடவே இல்லை, புதுப் பாய்லர் அதற்குள் பழுது" என்கிறார்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

ரேடியேட்டரைத் தொட விடாதீர்கள். அறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டி, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாதானமானது.

குழாய்க்காரன்

பிரஷர் முள் ஆறியிருக்கும்போது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்கிறதா என்று முதல் மாதம் அடிக்கடி பாருங்கள். ரேடியேட்டரில் காற்று எடுத்தால் கொஞ்சம் இறங்கும், நிரப்பிக்கொள்ளலாம். வாராவாரம் நிரப்ப வேண்டி வந்தால் எங்கோ ஒழுகுகிறது, பொருத்தியவரைக் கூப்பிடுங்கள். வருட சர்வீஸை ஒரு தடவை விட்டாலும் பத்து வருட வாரண்டி போய்விடும், தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள்.